ளகரம்

இரவு இரண்டு பத்து.
தருமபுரி அரசு மருத்துவமனை, இரத்த வங்கி.
குளிர்ப்பெட்டியின் மூன்றாம் தட்டில்
தீர்த்தகிரி ஒட்டிவைத்த சீட்டு:
'கொல்லு. 14ஆம் தேதி.'

சந்தையில் கால் கிலோ வாங்கி
உப்புநீரில் ஊறவைத்து
அரைத்து, சுழற்றி, தெளிய வடித்த
கொள்ளுச் சாறு அது.
கம்பெனிக் குப்பி தீர்ந்து ஒரு மாதம்.
இண்டென்ட் எந்த மேசையிலோ தூங்குகிறது.

பிரசவ வார்டிலிருந்து ஓடிவந்த குழாய்:
மாதம்மாள், இருபத்தாறு, இண்டூர்.
இரத்தம் நிற்கவில்லை.
ஏபி என்கிறது அவள் செல்.
இல்லவே இல்லை என்கிறது அவள் சீரம்.
இருந்த இரண்டு ஏபி பையோடும் கலந்து பார்த்தேன்,
புளித்த பாலாய்த் திரிந்தது,
உடம்புச் சூட்டில் வைத்தும்.

"எவ்வளவு நேரம் மேடம்?"
"பத்து நிமிஷம்" என்றேன்.
பத்து நிமிஷத்தில் என்ன தெரியுமென்று
எனக்கே தெரியாது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு.
வெளுத்துக்கொண்டிருப்பவளுக்கு
ஒரே ஒரு சொட்டு.

ஒவ்வொரு சிவப்பணு மேலும் சர்க்கரைக் கிளைகள்.
நுனியில் எந்தச் சர்க்கரை, எவ்வளவு அடர்த்தி,
அதில்தான் ஆளுக்கு ஆள் வேறு.
கொள்ளுக்குள் இருக்கும் லெக்டினுக்கு
ஒன்றுக்கு மேல் கைகள்.
ஒரு கையில் இந்த அணு, மறு கையில் அந்த அணு,
பிடித்தால் விடாது, கட்டியாகும்.
ஊர் கேட்காது, தெரு கேட்காது,
யாரிடம் கொண்டான் யாருக்குக் கொடுத்தான்
என்று விசாரிக்காது.
நுனியைத் தடவிப் பார்க்கும், அவ்வளவுதான்.

செடிக்கு இது எதற்கு?
பூச்சிக்குப் பூட்டு என்றார் ஒரு வாத்தியார்.
வேருக்கு வரும் நுண்ணுயிருக்கு அழைப்பு
என்றார் இன்னொருவர்.
பரீட்சையில் இரண்டையும் எழுதினேன்.

என் இரத்தம் ஏ ஒன்று. ஒப்புக்கு அதில் ஒரு சொட்டு:
சட்டென்று கட்டி.
ஓ அணுவில் ஒரு சொட்டு: சும்மா கிடந்தது.
மாதம்மாளுடையதில்...
ஆட்டினேன். சாய்த்தேன். பல்புக்கு நேரே பிடித்தேன்.
மழை நின்ற செம்மண் ஓடைபோல
வழவழவென்று ஓடியது.

ஏ இரண்டு பி.
ஏ ஒன்றைக் கண்டால் ஆகாது அவளுக்கு.
பி பைகள் மூன்று இருந்தன.
மூன்றிலும் அவள் சீரம் சண்டை போடவில்லை.
ஒட்டாவிட்டால்தான் இங்கே ஒத்துப்போகும்.
ஜாதகம் பார்ப்பவர்களிடம் இதைச் சொல்ல முடியாது.

இரண்டு பை போனபின்
கை கழுவ நின்றேன், தண்ணீர் வரவில்லை.

போன ஆடியில்
பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பறிக்க வந்தவர்கள்
ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள்,
வரப்போரம் ஐந்து கொட்டமுத்தை
வாயில் போட்டவன்.
அந்த ஆமணக்குக்குள் இருப்பதும் ஒரு லெக்டின்.
ஒரு கை சர்க்கரையைப் பிடித்துக் கதவைத் திறக்கும்,
மறு கை உள்ளே போய்
அணுவின் அடுப்பை அணைக்கும்.
மெல்லாமல் விழுங்கியதால் பிழைத்தான்.
எப்போதும் மென்று தின்னச் சொல்லும் அவன் அம்மா
அன்று ஒன்றும் பேசவில்லை.

எனக்குள்ளும் ஒன்று சுற்றுகிறதாம்.
கல்லீரல் செய்து அனுப்புகிறது,
கிருமியின் மேல்தோலைத் தடவி
இது நம்மதல்ல என்று ஆள் கூப்பிட.
சிலருக்குப் பிறவியிலேயே அது குறைச்சல்.
ஃப்ளூவும் சர்க்கரையைப் பிடித்துத்தான்
தொண்டையில் ஏறுகிறது.
ஒரே வித்தை.
யார் கையில் என்பதுதான்.

நாலு நாற்பதுக்கு போன்.
"மூணாவது வேணாம். நின்னுடுச்சு."

ஆறு மணிக்குத் தீர்த்தகிரி வந்தான்.
சீட்டைக் காட்டினேன்.
"ரெண்டுக்கும் ஒரே சத்தந்தானேக்கா?"
நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டினேன்.
அவனும் சொல்லிப் பார்த்தான், எச்சில் தெறித்தது.
"அப்போ சுண்டல் திங்கலாமா?"
"அஞ்சு விசில் விட்டுட்டுத் தின்னு,
வெந்தா அதுக்குக் கை கிடையாது."

பேனா வாங்கித் திருத்தினான்:
'கொள்லு'.

பார்த்தேன்.
குளிர்ப்பெட்டியை மூடினேன்.
நாலு டிகிரி.